போர்ட் இருக்கிறதா? உடற்பயிற்சியை இப்படிச் செய்யுங்கள்

கீமோதெரபிக்காக நெஞ்சில் போர்ட் (மருந்தை ரத்தக் குழாயில் செலுத்தத் தோலுக்கு அடியில் பொருத்தும் சின்னக் கருவி) வைத்த பிறகு, அந்தப் பக்கத்துக் கையை அசைக்கவே பயப்படுபவர்கள் பலர். அவ்வளவு பயம் வேண்டாம். அசைக்காமலே விட்டால் தோள் இறுகி, அதுவே தனி வலியாகிவிடும்.

வைத்த புதிதில், தையல் ஆறும் வரை நடைப்பயிற்சி போதும். கனமாக எதையும் தூக்காதீர்கள். பெரும்பாலும் 1 முதல் 2 வாரம். உங்களுக்கு எத்தனை நாள் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் சைக்கிள், யோகா, லேசான எடைப்பயிற்சி எல்லாம் மெதுவாகத் தொடங்கலாம். ஆனால் தலைக்கு மேல் திரும்பத் திரும்ப எடை தூக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. போர்ட்டிலிருந்து போகும் மெல்லிய குழாய் சிலருக்குக் காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே செல்கிறது. அங்கே நசுங்கினால் சேதமாகலாம். நெஞ்சில் அடிபடக்கூடிய குத்துச்சண்டை, மல்யுத்தம் போன்றவையும் வேண்டாம்.

புண் முழுதாக ஆறி, டாக்டரும் சரி என்றால் நீச்சல் அடிக்கலாம். போர்ட்டில் ஊசி குத்தியிருக்கும் நாட்களில் மட்டும் தண்ணீரில் இறங்கவே கூடாது.

இன்னொன்று, பை மாட்டும்போது பட்டை போர்ட் மேட்டின் மேல் உரசும். மறு தோளுக்கு மாற்றிவிடுங்கள்.

போர்ட் இருக்கும் இடம் சிவந்தாலோ, கையோ கழுத்தோ வீங்கினாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்கு போன் செய்யுங்கள். நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ வந்தால் நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.