மருத்துவக் கேள்விக்குச் சான்றோடு விடை எழுதும் முறை

மருத்துவ இதழுக்கான கேள்வி-பதில் கட்டுரைகளில் பல, கேள்வியிலேயே கெட்டுவிடுகின்றன. "குழந்தைகளின் இருமலுக்குத் தேன் நல்லதா?" என்று தொடங்கினால் விடை எங்கும் நிலைகொள்ளாது. யாருக்கு, என்ன சிகிச்சை, எதனோடு ஒப்பிட்டு, எந்த விளைவுக்காக என்னும் நான்கையும் உள்ளடக்கி (பிகோ எனப்படுவது இதுதான்), "ஒரு வயதைக் கடந்த, சளியால் இருமும் குழந்தைக்குப் படுக்கும் முன் தேன் கொடுத்தால், எதுவும் கொடுக்காததைவிட இரவு இருமல் குறையுமா?" என்று எழுதினால், தேட வேண்டிய சொற்களும் ஒதுக்க வேண்டிய ஆய்வுகளும் தாமே தெரிந்துவிடும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனால் பாட்டுலிசம் என்னும் கடுமையான நச்சு நோய் வரக்கூடும் என்பதால், அந்த வயது வரம்பைத் தவறவிடக் கூடாது.

முதலில் காக்ரேன் மீளாய்வுகளையும் (ஒரு கேள்விக்கான ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடுபவை), பின்னர் அவற்றுக்குப் பிறகு வெளிவந்த சமவாய்ப்பு ஆய்வுகளை (யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்பவை) மருத்துவ ஆய்வுத் தரவுத்தளமான பப்மெட்டிலும் தேடுங்கள். தேடிய நாளையும் சொற்களையும் அப்போதே குறித்துவையுங்கள். ஆய்வுச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டாதீர்கள். பாதகமான விளைவுகள் பெரும்பாலும் உள்ளே அட்டவணையில்தான் இருக்கும்.

ஆய்வு எதை அளந்தது என்பதே எல்லாவற்றிலும் முக்கியம். மாரடைப்புக்குப் பின் தோன்றும் கூடுதல் இதயத்துடிப்புகளை என்கைனைடு, ஃப்ளெக்கைனைடு என்னும் மருந்துகள் அடக்கியதால் அவை உயிர் காக்கும் என்று நம்பப்பட்டது. ஆனால் 1989இல் வெளியான காஸ்ட் ஆய்வில், போலி மாத்திரை பெற்றவர்களைவிட இம்மருந்துகளைப் பெற்றவர்களே அதிகம் இறந்தனர். ஈசிஜி சீரானதும் நோயாளி பிழைத்ததும் ஒன்றல்ல.

எண்களை முழு அளவில் தருக. பாதிப்பு நூற்றுக்கு 4 பேரிலிருந்து 3 ஆனதை "25 விழுக்காடு குறைந்தது" என்று மட்டும் எழுதுவது பொய்யன்று, ஆனாலும் வாசகரை ஏமாற்றுவதுதான். 100 பேருக்குச் சிகிச்சை அளித்தால் ஒருவர் தப்புகிறார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சான்றின் உறுதியைக் கிரேடு முறை உயர்வு, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என்று வகுக்கிறது. வினைச்சொல்லும் அதற்கேற்ப மாற வேண்டும்: உறுதி உயர்ந்திருந்தால் "குறைக்கிறது", நடுத்தரமானால் "அநேகமாகக் குறைக்கிறது", குறைவானால் "குறைக்கக்கூடும்". "பயன் உண்டு என்பதற்குச் சான்று இல்லை" என்பதையும் "பயன் இல்லை என்பதற்குச் சான்று உண்டு" என்பதையும் குழப்பிக்கொள்வதே என் கண்ணில் அடிக்கடி படும் பிழை.

கட்டுரையின் முதல் வாக்கியமே விடையாக இருக்கட்டும். ஆனால் மற்றதையெல்லாம் எழுதி முடித்த பிறகே அதை எழுதுங்கள்.