50 புளியங்கொட்டையில் ஓர் ஊராட்சிக் கூட்டம்: 4, 5-ஆம் வகுப்புகளுக்கு

மாதிரி ஊராட்சிக் கூட்டம் பல வகுப்புகளில் ஆண்டுவிழா நாடகமாகவே முடிந்துவிடுகிறது. தலைவருக்குத் தோளில் துண்டு, உறுப்பினர்களுக்கு மனப்பாட வசனம், கடைசியில் கைதட்டல். அதில் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது வசனம் மட்டும்தான். கூட்டம் நிஜமாக நடக்க இரண்டே பொருள் போதும்: கேட்டதற்கெல்லாம் போதாத பணம், எடுத்த முடிவை எழுதிவைக்க ஒரு நோட்டு.

இங்கே சொல்லியிருப்பது 30 பேர் உள்ள வகுப்புக்கு, 45 நிமிடப் பாடவேளைகள் நான்கில் முடியும்படி. 50 புளியங்கொட்டை, மூடியோடு ஒரு டப்பா, ஒரு பானை, வெள்ளைத் தாளில் 36 துண்டுச் சீட்டு, இளஞ்சிவப்புத் தாளில் 30, ஒரு ஸ்கெட்ச் பேனா, ஒரு 40 பக்க நோட்டு எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாடவேளை: வார்டும் மனுவும்

வகுப்பை ஐந்தைந்து பேராக 6 வார்டு பிரியுங்கள். பெஞ்சு வரிசைப்படி பிரித்தால் சேக்காளிகள் எல்லாம் ஒரே வார்டில் விழுவார்கள், பிறகு ஓட்டும் அப்படியே விழும். பெயர்ச் சீட்டுகளைப் பானையில் போட்டு, ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்லுங்கள். உத்திரமேரூரின் குடவோலையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் அமையாது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு சொல்லும் தேர்தல் முறை அது. ஊரின் 30 குடும்புகளிலிருந்து, அதாவது அந்தக் கால வார்டுகளிலிருந்து, பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில் விழும், ஒரு சிறுவன் எடுப்பான். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு அதில் இடமில்லை. இந்தக் கடைசி விஷயத்தை அழுத்திச் சொல்லிவையுங்கள், நான்காம் பாடவேளையில் தேவைப்படும்.

அடுத்து ஊரில் என்ன குறை என்று கேட்டு, வந்ததையெல்லாம் கரும்பலகையில் எழுதுங்கள். இவைதான் பிள்ளைகளின் மனுக்கள். குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, தெரு, குப்பை, சுடுகாடு ஆகியவை ஊராட்சியின் வேலை. பேருந்து வரவில்லை, ரேஷனில் சர்க்கரை இல்லை என்பவை இதில் சேராது. அதற்காக அழித்துவிட வேண்டாம். பக்கத்தில் தனிக் கட்டம் போட்டு, "வேறு அலுவலகத்துக்கு எழுத வேண்டியவை" என்று தலைப்பிடுங்கள். யாரிடம் எதைக் கேட்பது என்ற குழப்பம் பெரியவர்களுக்கே தீரவில்லை, பிள்ளைகளுக்கு இந்தக் கட்டம்தான் பாதிப் பாடம்.

இரண்டாம் பாடவேளை: தேர்தல்

தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவரை ஊர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரைத்தான் வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, தலைவருக்கு இளஞ்சிவப்பு. நிஜத் தேர்தலிலும் அதே நிறம்தான். வார்டு உறுப்பினர், தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு, சீப்பு என்று ஏதாவது வரைந்துகொள்ளட்டும். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் பத்தாவது நிமிடத்தில் வகுப்பில் கட்சிக்கொடி பறக்கும்.

வேட்புமனுவுக்கு முன்பே 3 வார்டுகளைப் பெண்களுக்கு என்று அறிவித்துவிடுங்கள். மாநிலத்தில் பாதி இடங்கள் அவர்களுக்குத்தான். ஓட்டுப் போட்டவர் இடது ஆள்காட்டி விரலில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு. ஓட்டுகள் சமமாக வந்தால் சீட்டுக் குலுக்கல்.

செயலர், குடிநீர்த் தொட்டி ஆபரேட்டர், தூய்மைக் காவலர் மூவரையும் நீங்களே நியமியுங்கள். அவர்கள் ஊழியர்கள், கூட்டத்தில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. ஆனால் விவரம் அவர்களிடம்தான் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டையில் இரண்டு வரி எழுதிக்கொடுங்கள்: "3-ஆவது வார்டில் குழாய் உடைந்து 12 நாள் ஆகிறது. மோட்டார் தினமும் 2 மணி நேரம் கூடுதலாக ஓடுகிறது." கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். கேட்காத மன்றம் விவரம் தெரியாமலே ஓட்டுப் போடும், போடட்டும்.

மூன்றாம் பாடவேளை: கூட்டம்

கூட்டப் பொருளை முந்தைய நாளே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். ஒரு கொட்டை 1,000 ரூபாய். இந்த விலைகள் கணக்கு சரியாக வரும்படி வகுப்புக்காக வைத்தவை, ஊர் நிலவரம் அல்ல.

மோட்டார் மின்கட்டணம் 12 கொட்டை
3-ஆவது வார்டு குழாய் 20
தெருவிளக்கு 6, ஒன்றுக்கு 3 வீதம் 18
சாக்கடை தூர்வார 15
விளையாட்டுத் திடலைச் சமன்படுத்த 25

எல்லாம் சேர்ந்தால் 90, டப்பாவில் இருப்பது 50. மின்கட்டணத்தைச் செயலர் முதலிலேயே எண்ணித் தனியே வைத்துவிட வேண்டும். அதில் ஓட்டெடுப்பு இல்லை. மீதி 38. குழாயும் ஆறு விளக்கும் என்றால் சரியாக 38. குழாய், சாக்கடை, ஒரே ஒரு விளக்கு என்றாலும் 38. திடல் வேண்டுமென்றால் நாலு விளக்கோடு 37, ஆனால் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும். இந்தக் கூட்டல்களை நீங்கள் சொல்லாதீர்கள். விளக்கை மட்டும் பிரித்து வாங்கலாம் என்பது யாராவது ஒரு பிள்ளைக்குத் தானாகத் தோன்றும். அதை "திருத்தம்" என்று பெயர் சொல்லிப் பாராட்டிவிட்டு நகருங்கள்.

தலைவரும் 6 உறுப்பினர்களும் வட்டமாக உட்காரட்டும். மற்றவர்கள் பின்னால் மனுவோடு. ஒரு பொருளுக்கு ஐந்து நிமிடம், ஒருவர் ஒரு நிமிடம். ஒருவர் முன்மொழிய வேண்டும், வேறொருவர் வழிமொழிய வேண்டும், பிறகே பேச்சு, அதன் பிறகே கை தூக்குவது. வழிமொழிய ஆளில்லை என்றால் அந்தத் தீர்மானம் அத்தோடு போயிற்று. செயலர் எழுத வேண்டியது இப்படி:

"தீர்மானம் 1: 3-ஆவது வார்டு குடிநீர்க் குழாயை ரூ. 20,000 செலவில் சரிசெய்யலாம். முன்மொழிந்தவர் 3-ஆவது வார்டு உறுப்பினர், வழிமொழிந்தவர் 5-ஆவது வார்டு உறுப்பினர். ஆதரவு 5, எதிர்ப்பு 2. நிறைவேறியது."

நிறைவேறியதும் 20 கொட்டையைச் சத்தமாக எண்ணி எடுக்க வேண்டும். அதற்கு முன் ஒரு தாளில் தலைவரும் துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஊராட்சிக் காசோலைக்கு இரண்டு கையெழுத்து. 17, 18, 19 என்று எண்ணும்போது டப்பாவின் அடி தெரியும். அதுவரை "எல்லாத்தையும் செஞ்சிடலாம் தலைவரே" என்றவர்கள் அங்கேதான் அமைதியாவார்கள்.

எங்கே சறுக்கும்? "பணம் பத்தலைன்னா கலெக்டர்கிட்ட கேட்போம்" என்று ஒரு குரல் வரும். கேட்கலாம், அதையும் தீர்மானமாக எழுதுங்கள். பதில் இந்தக் கூட்டத்துக்குள் வராது என்று மட்டும் சொல்லுங்கள். சினிமாவில் பார்த்த மாதிரி மேசையைத் தட்டிக் கத்தினால் அவர் நிமிடம் அதிலேயே கழியும். எல்லாவற்றையும் விட அடிக்கடி நடப்பது வேறு: தலைவி நாற்காலியில் ஒரு சிறுமி இருப்பாள், பக்கத்தில் நிற்கும் பையன் அவளுக்காகப் பதில் சொல்வான். பிள்ளைகள் இதை ஊரில் பார்த்திருக்கிறார்கள். திட்ட வேண்டாம். "நாற்காலியில் இருப்பவர் சொன்னதைத்தான் செயலர் எழுதுவார்" என்ற ஒரே விதி போதும். நீங்களும் வாய் திறக்காதீர்கள். மன்றம் திடலுக்கே ஓட்டுப் போட்டாலும் அதுதான் முடிவு.

நான்காம் பாடவேளை: கிராம சபை

மன்றக் கூட்டத்தையும் கிராம சபையையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். முன்னது தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கூடுவது. பின்னது வாக்காளர் பட்டியலில் உள்ள ஊரார் அனைவரும் கூடுவது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை. 500 பேர் வரை உள்ள ஊரில் குறைந்தது 50 பேராவது வந்திருக்க வேண்டும். "எங்க ஊர்ல இப்ப தலைவரே இல்லையே" என்று ஒரு பிள்ளை கேட்டால், தேர்தல் நடக்காத இடைவெளியில் தனி அலுவலர் பொறுப்பில் இருப்பார் என்று சொல்லிவிடுங்கள்.

இன்று மன்றத்தார் நிற்க, மற்ற 20 பேரும் வட்டமாக உட்கார்ந்து கேட்பார்கள். ஏன் எங்கள் தெருவுக்கு விளக்கு வரவில்லை? யார் எதிர்த்து ஓட்டுப் போட்டது? பதில் நினைவிலிருந்து வரக்கூடாது, தீர்மான நோட்டைப் பார்த்துப் படிக்க வேண்டும். நோட்டில் இல்லாதது நடக்காதது. முதல் தடவை பாதித் தீர்மானங்களில் வழிமொழிந்தவர் பெயர் விட்டுப்போயிருக்கும், செயலர் முழிப்பார். அப்போதும் நீங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டாம்.

கடைசியாக டப்பாவைக் கவிழ்த்து மீதிக் கொட்டைகளை எல்லோர் முன்னாலும் எண்ணச் சொல்லுங்கள். நோட்டுக் கணக்குக்கும் தரையில் கிடப்பதற்கும் ஒரு கொட்டை வித்தியாசம் வந்தாலும் கூட்டத்தை முடிக்காமல் தேடவிடுங்கள். பெரும்பாலும் யாராவது ஒருவர் சட்டைப்பையில் இருக்கும்.