செம்பனைக் காட்டுக்குள்ளும் வழி காட்டும் வரைபடம்

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக்குள் சைக்கிள் ஓட்டுகிறீர்களா? கார்மின் எட்ஜ் என்ற சைக்கிள் ஜிபிஎஸ் கருவியில் மண்பாதை தெரியாவிட்டால், தன்னார்வலர்கள் தொகுக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து உருவாக்கிய இலவச மலேசிய வரைபடத்தைக் கணினியில் இறக்குங்கள். ஜிப்பை விரித்து, உள்ளிருக்கும் ஐஎம்ஜி (.img) வரைபடக் கோப்பை மட்டும் கருவியின் ‘கார்மின்’ போல்டரில் போடுங்கள். ஜிப்பாகவே போட்டால் கருவி அதைப் படிக்காது. அதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் அதன்மேல் போட்டு அழித்துவிடாதீர்கள். புதியதன் பெயரை மாற்றுங்கள்.

பலரும் தவறவிடுவது அடுத்த படி: வரைபட அமைப்பில் பழையதை அணைக்க வேண்டும். இல்லையென்றால் அது புதியதை மறைத்து, மண்பாதைக் கோடுகள் கண்ணில் படாது.

பாதையைத் தானாக மறுகணக்கிடுவதையும் நிறுத்துங்கள். ஒரு சந்து தவறினாலே தார்ச்சாலைக்கு இழுத்துப்போகும். மறுநடவு செய்த இடங்களில் லோரிப் பாதைகள் மாறியிருக்கும், செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தோட்ட அனுமதி தனி, அதை முதலில் கேளுங்கள்.