பாலைவனத் தேளுக்குத் தொட்டி அமைக்கிறீர்களா? மண்ணில் இருந்து தொடங்குங்கள்

இங்கே அரிசோனாவில் டெசர்ட் ஹேரி என்று எல்லாரும் சொல்கிற பெரிய தேளை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு பெரிய தொட்டி வாங்கணும் என்றுதான். நானும் அதைத்தான் கேட்டேன். தொட்டியின் நீளமும் அகலமும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் எத்தனை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் போடப் போகிறீர்கள், அந்த மண்ணில் வளை தோண்டினால் இடியாமல் நிற்குமா, இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு தேளை வாங்கினால் போதும். இந்தத் தேள் தரைக்கு மேலே வாழும் பிராணி கிடையாது. சொனோரன் பாலைவனத்தில் கோடைப் பகலில் மணலின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும், அந்த நேரத்தில் இது பல அடி ஆழத்தில், குளிர்ச்சியும் லேசான ஈரப்பதமும் உள்ள வளையில் அசையாமல் கிடக்கும், இருட்டிய பிறகுதான் வாசலுக்கு வரும். வீட்டுத் தொட்டியில் பல அடி ஆழம் கொடுக்க முடியாதுதான், ஆனால் அதன் பாதுகாப்பு உணர்வு முழுக்க அந்த வளையில் இருக்கிறது என்பதை மறக்காமல் இருந்தால் மற்ற முடிவுகள் எல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

எந்தத் தேள் என்பதில் குழப்பம் வரக்கூடாது. நான் சொல்வது ஹட்ரூரஸ் அரிசோனென்சிஸ், வட அமெரிக்காவிலேயே பெரிய தேள், வால் நுனி வரை சுமார் 14 சென்டிமீட்டர் வளரும். முதுகு கருமையாக, கால்களும் இடுக்கிகளும் மஞ்சளாக, உடம்பெல்லாம் பழுப்பு முடியோடு தடித்து இருக்கும். இதே ஊரில் வீட்டுச் சுவரில் ஏறும் பார்க் ஸ்கார்பியன் என்ற மெலிந்த சிறு தேளின் விஷம் மிகவும் கடுமையானது, அதை எந்தக் காரணத்துக்காகவும் வளர்க்காதீர்கள். தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கும் ஒன்று: நம் ஊர்ச் செந்தேள் உருவத்தில் சின்னது, ஆனால் உயிரை எடுக்கக்கூடியது. தேளின் அளவை வைத்து விஷத்தை எடை போடக்கூடாது. நம் ஊர் நட்டுவாக்காலியை வைத்தும் இதைப் புரிந்துகொள்ளக் கூடாது, அதற்கு ஈரமும் நிழலும் நிறைய வேண்டும், அந்த ஈரத்தில் பாலைவனத் தேளை வைத்தால் உடம்பில் பூஞ்சணம் பிடித்துக் கரும்புள்ளிகள் விழும்.

என் முதல் தொட்டியை நான் செய்த விதம் தப்பு. கடையில் சொன்னபடி குழந்தைகள் விளையாடுவதற்காக விற்கும் காய்ந்த விளையாட்டு மணலை நான்கு சென்டிமீட்டர் கொட்டி, மேலே ஒரு தட்டைக் கல்லை வைத்து, அடியில் மின்சாரத்தில் சூடாகும் ஹீட் மேட் ஒட்டினேன். தேள் முதல் இரவே கல்லுக்குக் கீழே பறிக்கத் தொடங்கியது. காய்ந்த மணல் சரிந்துகொண்டே இருந்தது, அதுவும் விடாமல் பறித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் காலையில் கல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்க, அதன் விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தேள் மாட்டிக்கொண்டிருந்தது. கல்லை மெதுவாகத் தூக்கினேன், ஒரு கால் போய்விட்டது, உயிர் பிழைத்துக்கொண்டது. அன்றைக்கு ரொம்ப வேதனையாக இருந்தது. அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன்.

தொட்டிக்கு நான் சொல்வது 20 கேலன் ஹை என்று விற்கும் உயரமான கண்ணாடித் தொட்டி. 61 சென்டிமீட்டர் நீளம், 31 அகலம், 41 உயரம் வரும். ஒரு தேளுக்கு இந்த நீளம் தேவைக்கு அதிகம், நமக்கு வேண்டியது அந்த உயரம். 20 சென்டிமீட்டர் மண் போட்ட பிறகும் மேலே 20 மிஞ்சுகிறது, தேள் நிமிர்ந்து நின்றாலும் மூடியை எட்டாது. வழுவழுப்பான கண்ணாடியில் அதனால் ஏற முடியாது, ஆனால் மூலைகளில் பூசியிருக்கும் சிலிகான் பசையைப் பிடித்துக்கொண்டு ஏறப் பார்க்கும், அதனால் நான்கு பக்கமும் கிளிப் போட்டுப் பூட்டுகிற மூடி கட்டாயம் வேண்டும். மூடி மெல்லிய உலோகக் கம்பி வலையாக இருக்கட்டும், பிளாஸ்டிக் வலையை இரைக்காகப் போடும் பூச்சிகளே கடித்து ஓட்டை போட்டுவிடும். தொட்டியை எங்கே வைப்பது என்று மண் போடுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள், ஏனென்றால் நிரப்பிய பிறகு அதன் எடை 50 கிலோவைத் தாண்டிவிடும், ஆடும் அலமாரியில் வைக்கவே கூடாது. ஜன்னல் வெயில் படும் இடமும் வேண்டாம், அரை மணி நேர வெயிலில் கண்ணாடிப் பெட்டி அடுப்பாகிவிடும். ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும், ஸ்பீக்கர் அதிரும் மேசையும் வேண்டாம், தேளுக்குக் கண் பார்வை மங்கல், கால்களால் தரை அதிர்வை உணர்ந்துதான் அது உலகத்தைத் தெரிந்துகொள்கிறது.

சரி, இப்போது மண். காய்ந்த மணல் மட்டும் போதாது என்று சொன்னேன், தென்னை நார்த்தூளும் இதற்கு ஒத்துவராது, அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காய்ந்தால் பொலபொலவென்று சரியும். மணலோடு களிமண் கலக்க வேண்டும். கழுவிய விளையாட்டு மணல் நான்கு பங்கு, எதுவும் சேர்க்காத களிமண் தூள் ஒரு பங்கு, இதுதான் நான் போடும் கலவை. கலக்க நேரமில்லை என்றால் எக்ஸ்கவேட்டர் கிளே என்று வளை தோண்டும் பிராணிகளுக்காகவே ஒரு களிமண் விற்கிறார்கள், அதிலும் செய்யலாம், ஆனால் தனியாகப் போட்டால் காய்ந்ததும் செங்கல் மாதிரி இறுகிவிடுகிறது, அதில் பாதிக்குப் பாதி மணல் சேர்ப்பது நல்லது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசறுங்கள். புட்டு மாவுக்குப் பிசறிய கை இருந்தால் இந்தப் பதம் சொல்லித்தர வேண்டியதே இல்லை: பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் அழுத்தினால் உதிர வேண்டும். முழுத் தொட்டிக்கும் கலக்குவதற்கு முன்னால் ஒரு பிடி உருண்டை பிடித்து இரண்டு நாள் காயவிட்டுப் பாருங்கள். நகத்தால் சுரண்டினால் உதிர்ந்து வர வேண்டும், தானாக உடையக் கூடாது. நகத்துக்கே அசையவில்லை என்றால் மணல் கூட்டுங்கள், தொட்டவுடன் உடைந்தால் களிமண் கூட்டுங்கள். இந்த இரண்டு நாள் சோதனையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், ஒவ்வொரு ஊர்க் களிமண்ணும் ஒவ்வொரு விதம்.

மண்ணைக் கொட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, ஒரு மூலையில் விரல் தடிமனுள்ள பிளாஸ்டிக் குழாயை, அடிக்கண்ணாடியைத் தொடுகிறபடி செங்குத்தாக நிறுத்திவிடுங்கள், மேல்முனை மண்ணுக்கு மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டு இருக்கட்டும். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன். இரண்டாவது, கல்லோ கனமான மரத்துண்டோ வைக்கப் போகிறீர்கள் என்றால் அதை இப்போதே அடிக்கண்ணாடியின் மேல் நேரடியாக ஊன்றி வைத்துவிடுங்கள். மண்ணின் மேல் கனமான எதையும் வைக்கக்கூடாது, தேள் அதற்கு அடியில்தான் பறிக்கும். கார்க் மரப்பட்டை மாதிரி எடையே இல்லாத பொருள் என்றால் மேலே வைக்கலாம்.

அப்புறம் ஐந்து ஐந்து சென்டிமீட்டராக மண்ணைப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் உள்ளங்கையால் நன்றாக அழுத்திக்கொண்டே வாருங்கள். முதல் அடுக்கு முடிந்ததும் வளைக்கு ஒரு தொடக்கம் செய்து கொடுப்பது நல்லது, இறுகிய மண்ணில் தேள் தானாகத் தொடங்கவும் செய்யும், ஆனால் வழி காட்டினால் அந்த இடத்திலேயே தோண்டும், நமக்கும் பார்க்க வசதி. தேள் வளையின் வாசல் எலி வளை மாதிரி வட்டமாக இருக்காது, படுத்த நிலாப்பிறை மாதிரி அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும், அதன் உடம்பு வாகு அப்படி. அதனால் நான் இரண்டு துடைப்பக் கட்டைத் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக் கட்டி, முன் கண்ணாடியை ஒட்டினாற்போல் சாய்வாகப் படுக்க வைத்து, அவற்றின் மேல் மண்ணைப் போட்டு அழுத்திவிடுவேன். மேல்முனை வெளியே தெரிய வேண்டும், கீழ்முனை அடியில் இருந்து ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். மறுநாள் மண் லேசாக இறுகியதும் கட்டைகளை மெதுவாகத் திருகி உருவினால் அழகான சாய்வுச் சுரங்கம் கிடைக்கும். கண்ணாடி ஓரமாக வளை போகும் இடத்தில் வெளிப்பக்கம் கறுப்புத் தாள் ஒட்டிவிடுங்கள். எப்போதாவது பார்க்கத் தோன்றினால் தாளை ஓரமாக விலக்கிப் பார்த்துவிட்டு மூடிவிடலாம்.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். தொட்டி முழுவதும் காய இரண்டு வாரம் ஆகலாம், தடித்த மண் என்பதால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். மூடி இல்லாமல் ஒரு சின்ன ஃபேன் முன்னால் வைத்துவிடுங்கள். மோந்து பார்த்தால் பூஞ்சண வாடை வரக்கூடாது, கண்ணாடியின் உள்பக்கம் நீர் கோத்து நிற்கக்கூடாது. தேளை வாங்கி டப்பாவில் வைத்துக்கொண்டு ஈரத் தொட்டியில் அவசரமாக விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் தேளைக் கடைசியாக வாங்குங்கள் என்கிறேன்.

காய்ந்த பிறகு அந்தக் குழாய்க்கு வேலை வருகிறது. பாலைவனத்தில் மேல் மண் எவ்வளவு வறண்டாலும் வளையின் ஆழத்தில் கொஞ்சம் ஈரப்பதம் இருக்கும். அதே மாதிரி, மாதம் ஒருமுறை குழாய் வழியாக அரை டம்ளர் தண்ணீர் விட்டால் அந்த மூலையில் அடிமண் மட்டும் நனையும், மேல்மண் காய்ந்தே இருக்கும். தேள் தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். மேலே தண்ணீர் தெளிக்காதீர்கள். குடிக்க ஒரு சோடா மூடி அளவுக்கு ஆழமில்லாத கிண்ணம், அதற்குள் நான்கைந்து கூழாங்கல், இரைப்பூச்சிகள் மூழ்காமல் இருக்க. ஸ்பாஞ்ச் போடுவது பழைய பழக்கம், அது கிருமி வளர்க்கத்தான் உதவும்.

சூட்டைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. ஹீட் மேட் தொட்டிக்கு அடியில் போகக்கூடாது, பக்கவாட்டில்தான் ஒட்ட வேண்டும். சூடு தாங்காவிட்டால் கீழே போ என்பதுதான் இந்தத் தேளின் உடம்பில் எழுதியிருக்கும் பாடம். அடியில் இருந்து சூடு வந்தால் அது தப்பிக்கக் கீழே தோண்டும், தோண்டத் தோண்ட இன்னும் சுடும், போக வேறு வழியே இருக்காது. குறுகிய பக்கம் ஒன்றில், மண் மட்டத்துக்கு மேலே பாதியும் கீழே பாதியும் வருகிறபடி ஒட்டுங்கள், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடவே போடாதீர்கள். அந்தப் பக்கம் பகலில் 30, 32 டிகிரி, மறு பக்கம் 24, 25 இருந்தால் போதும். இரவில் அணைத்துவிடுங்கள், 20 வரை இறங்கினால் பரவாயில்லை, பாலைவன இரவும் அப்படித்தான். ஃபீனிக்ஸ் கோடையில் என் வீட்டில் மேட் போடுவதே இல்லை, குளிர்காலத்துக்கு மட்டும்தான்.

விளக்கு எதுவும் வேண்டாம், அறை வெளிச்சத்தில் பகல் இரவு தெரிந்தால் போதும். புற ஊதா டார்ச் அடித்தால் தேள் பச்சை நீலமாக ஒளிரும், பார்க்க அற்புதமாக இருக்கும். ஆனால் அந்த ஒளியைக் கண்டால் அது ஒதுங்கி ஓடும். சில நொடி பார்த்துவிட்டு அணைத்துவிடுங்கள், இரவெல்லாம் எரியும் நீல விளக்கு வைக்காதீர்கள்.

ஒரு தொட்டியில் ஒரு தேள். இரண்டை விட்டால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். குட்டியை வாங்காமல் வளர்ந்ததை வாங்குங்கள், இந்த இனத்தின் குட்டிகள் வீட்டில் தோல் உரிக்கும்போது இறந்துபோவது அதிகம், முழு வளர்ச்சி அடைந்தது மறுபடி தோல் உரிப்பதில்லை. சகுவாரோ போன்ற தேசியப் பூங்காக்களில் இருந்து எதையும் எடுத்து வரக்கூடாது, அது சட்டம். இரை வாரத்துக்கு ஒன்றிரண்டு சில்வண்டு, கடையில் கிரிக்கெட் என்று கேட்டால் கொடுப்பார்கள். தோட்டத்தில் பிடித்த பூச்சியில் மருந்து இருக்கலாம், வேண்டாம். ஒரு நாளில் தின்னாததை எடுத்துவிடுங்கள்.

தேளைத் தொட்டிக்குள் விடும்போதும் சரி, எடுக்கும்போதும் சரி, கையால் தொடாதீர்கள். அகலமான டப்பாவைக் கவிழ்த்து, அடியில் தடித்த அட்டையைச் செருகி நகர்த்துங்கள். உள்ளே வேறு வேலை என்றால் 30 சென்டிமீட்டர் இடுக்கி. இதன் கொட்டு பெரும்பாலானவர்களுக்குத் தேனீ கொட்டியது மாதிரி இருக்கும், ஆனால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உயிராபத்து, மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ அவசர உதவிக்கு 911-ஐ அழையுங்கள். மற்ற சந்தேகங்களுக்கு அமெரிக்கா முழுவதும் விஷ உதவி எண் 1-800-222-1222, தொட்டியின் பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் மூடிக்குப் பூட்டும் போடுங்கள்.

விட்ட பிறகு முதல் சில நாள் தொட்டி முழுக்கச் சுற்றும், அப்புறம் ஒரு காலையில் வாசலில் புது மண் குவிந்திருக்கும், தேளைக் காணாது. சிலசமயம் வாசலையே உள்ளே இருந்து மண்ணால் அடைத்துக்கொண்டு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கூட வராமல் இருக்கும். செத்துவிட்டதோ என்று பயந்து தோண்டிவிடாதீர்கள், நீங்கள் தோண்டினால் அத்தனை வேலையும் இடிந்துவிடும். கிண்ணத்தில் தண்ணீரை மாற்றுங்கள், மாதம் ஒருமுறை குழாயில் அரை டம்ளர் ஊற்றுங்கள், வாரம் ஒரு பூச்சியை மாலையில் விட்டு, காலையில் அப்படியே இருந்தால் எடுத்துவிடுங்கள். என்னுடையது ஒரு குளிர்காலத்தில் பதினொரு வாரம் வெளியே வரவில்லை. பன்னிரண்டாம் வாரம் இரவில் அடைப்பை உடைத்துக்கொண்டு வாசலில் வந்து, இடுக்கிகளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.