நரம்புச் சுருட்டல்: பெயரிலேயே தொடங்கும் தவறு

காலில் நீலமாகப் புடைத்து நெளியும் முடிச்சுகளை, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாம் 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்கிறோம். மூளையின் கட்டளையைச் சுமப்பதும் நரம்பு, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பியனுப்பும் சிரையும் நரம்பு என ஒரே சொல்லால் வழங்குவதால், நரம்புச் சத்து மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிக் காத்திருப்பவர்கள் நம்மிடையே உண்டு. வைட்டமின் பி சிரையின் வால்வைச் சரிசெய்யாது. பழுது அங்கேதான் இருக்கிறது: மேலே செல்லும் இரத்தம் கீழிறங்காதபடி தடுக்கும் அந்த ஒருவழிக் கதவுகள் தளர்ந்தால், இரத்தம் தேங்கிச் சிரை விரிகிறது.

அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையின் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரசம்; நலமான காலில், நடக்கும்போது கெண்டைக்கால் தசை இரத்தத்தைப் பிழிந்து மேலேற்றுவதால், அது 30க்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே, 'கால் வலிக்கிறது, நடக்காதே' என்று வீட்டார் அன்போடு சொல்வதும் தவறுதான். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள் மரத்துக்கு மரம் நடந்தார்கள். ரொட்டி சானாய்க் கல்லருகே நாள் முழுவதும் நிற்பவருக்கு அந்த நடை இல்லை. அவர் நின்ற இடத்திலேயே அடிக்கடி குதிகாலை உயர்த்தி இறக்கலாம். ஓய்வு நேரத்தில் படுத்துக்கொண்டு, கால்களை இதய மட்டத்துக்கு மேல் 15 நிமிடம் தூக்கி வைக்கலாம்.

மினியாக் ஆங்கின் எனும் தைலத்தைத் தடவுவதால் வால்வு மீளாது என்றாலும், பெரிய கேடும் இல்லை. அழுத்தி உருவிவிடுவதே அஞ்சத்தக்கது. சிரை கயிறுபோல் இறுகிச் சிவந்திருந்தாலோ, ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும். ஆழ்சிரையில் உறைந்த கட்டி பெயர்ந்தால் நுரையீரலை அடைக்கும். அத்தகைய காலை யாரும் உருவக் கூடாது. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் உடனே 999ஐ அழைக்க வேண்டும்.

மற்றொரு பெயர்க் குழப்பம், காலில் ஆறாத புண் எதுவாயினும் அதை 'இனிப்புநீர்ப் புண்' (நீரிழிவுப் புண்) என்பது. என் பெரியம்மாவின் கணுக்காலுக்குச் சற்று மேலே, உட்புறத்தில், கருத்துத் தடித்த தோலில் வந்த புண்ணையும் அப்படித்தான் நினைத்து மஞ்சள்தூள் வைத்துக்கொண்டிருந்தோம். பாதத்திலும் விரலிலும் வருவதே இனிப்புநீர்ப் புண்ணின் வழக்கம். அவர் புண் இருந்த இடமோ சிரைப் புண்ணுக்கே உரியது. அதற்கு அழுத்தக் கட்டு முக்கியம். ஆனால் இனிப்புநீர் உள்ளவர், குறிப்பாகப் புகைப்பவர், காலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியின் ஓட்டத்தைச் சோதிக்காமல் இறுக்கக் காலுறை வாங்கி அணிந்தால், குறைவாக வரும் இரத்தமும் தடைபடலாம். காலுறையைக் காலையில், வீக்கம் ஏறுமுன் அணிவதே முறை. மாலையில் மாட்டுவது வீண்பாடு.

புடைத்த சிரை உடைந்து இரத்தம் பீறிட்டால் முழங்காலுக்கு மேல் கயிறு கட்டாதீர்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அந்த இடத்தை 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள்.

'சிரையை அடைத்தால் கால் செத்துவிடும்' என்று சிகிச்சைக்கு அஞ்சுவோரும் பலர். காலின் இரத்தத்தில் பெரும்பங்கை ஆழ்சிரைகளே எடுத்துச் செல்கின்றன. ஸ்கேனில் அவை நன்றாக இருப்பதைப் பார்த்த பிறகே, பழுதான மேற்சிரையை லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் மூடுவார்கள்.