கடற்கரைக்குக் குடும்பத்தோடு கிளம்பும்போது: நேரக் கணக்கில் தொடங்கும் தவறுகள்

கடலோரப் புறநகரில் குடியிருப்பவர்கள் கடலைத் திட்டமிட்டுப் பார்க்கப் போவதில்லை. மலைக்குப் போகும் குடும்பம் ஒரு வாரத்துக்கு முன்பே குளிர், பாதை, தங்குமிடம் எல்லாவற்றையும் விசாரிக்கிறது. கடல் பத்து நிமிடத் தொலைவில் இருந்தால் யாரும் எதையும் விசாரிப்பதில்லை. வீட்டு வேலை முடிந்ததும், எல்லோரும் உடை மாற்றியதும் புறப்பட்டுவிடுகிறார்கள். வீடு ஒழியும் நேரமே கடற்கரைக்குப் போகும் நேரமாகிவிடுகிறது.

கடலுக்கென்று தனி நேரம் இருக்கிறது. வெயிலுக்கும் காற்றுக்கும் உண்டு. கூட வரும் மிகச் சிறிய குழந்தைக்கும் உண்டு. பாழாய்ப்போன கடற்கரை நாட்களைப் பின்னோக்கிப் பார்த்தால், பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றைக் கேட்காமல் கிளம்பியிருப்போம்.

ஓதத்தைப் பார்க்காமல் புறப்படுவது

பெரும்பாலான கரைகளில் கடல் ஏறி முடிந்து வற்றத் தொடங்கியதிலிருந்து முழுதும் வற்ற ஏறக்குறைய 6 மணி 12 நிமிடம் ஆகும். பிறகு மறுபடி ஏறும். இந்த ஏற்றவற்றம்தான் ஓதம். இந்தச் சுற்று ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது. போன ஞாயிறு காலை 9 மணிக்கு அகன்ற மணல்வெளியாக இருந்த இடம், இந்த ஞாயிறு அதே 9 மணிக்கு முழங்கால் நீராக இருக்கலாம். ‘வழக்கமாக நாங்கள் போகிற நேரம்’ என்று ஒன்று கடற்கரையில் கிடையாது.

இன்னொரு கணக்கையும் பெற்றோர் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். நீர் சீரான வேகத்தில் ஏறுவதில்லை. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்துக்கொண்டால், முதல் மணி நேரத்தில் ஒரு பங்கு ஏறும், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் இரண்டு, கடைசியில் ஒன்று. மாலுமிகள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு இது. முதல் ஒரு மணி நேரம் நீர் அசையாததுபோல் தெரியும், நாமும் அசட்டையாக இருப்போம். நடு இரண்டு மணி நேரத்தில் பாதி ஏற்றமும் வந்து சேர்ந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் இன்னும் பெரிதாக இருக்கும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வற்றிய நேரத்தில் ஒரு மணல் திட்டுக்குக் குழந்தைகளுடன் நடந்துபோனோம். நண்டு வளைகளைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டோம். திரும்பிப் பார்த்தபோது, கணுக்கால் அளவு இருந்த இடைநீர் சின்னவளின் இடுப்புக்கு ஏறியிருந்தது. தூக்கிக்கொண்டு கடந்துவிட்டோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நீர் முன்னால் மட்டும் ஏறாது, பள்ளங்கள் வழியாக நமக்குப் பின்னாலும் சுற்றி வரும் என்பது அன்றைக்குத்தான் என் உடம்புக்குப் புரிந்தது.

ஓத அட்டவணை இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கிறது. சில கரைகளில் நாளுக்கு ஒரே ஏற்றம்தான். சில இடங்களில் ஏற்றவற்ற வேறுபாடு மிகக் குறைவு. அதனால் போகும் இடத்துக்குரிய அட்டவணையைப் பாருங்கள். பாறைக் குட்டைகளில் நட்சத்திர மீனும் துறவி நண்டும் பார்க்க வேண்டுமென்றால், முழு வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள்; நீர் திரும்பத் தொடங்கியதும் கரை ஏறிவிடுங்கள். பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு இதற்கு நேர்மாறான கணக்கு. கழிமுகத்துச் சேற்றுத் திட்டுகளில் நீர் வற்றியிருக்கும்போது உள்ளான் கூட்டங்கள் தொலைவில் சிதறிக்கிடக்கும். நீர் ஏற ஏற அவை கரைப்பக்கம் ஒதுங்கி வரும். அப்போது பாதையில் நின்றபடியே குழந்தைக்குக் காட்டலாம். சேற்றில் இறங்க வேண்டியதே இல்லை, இறங்கவும் கூடாது.

ஆற்று முகத்துவாரம் அமைதியான குளம் மாதிரி தெரிவதால் குழந்தைகளை அங்கே விளையாட விடுகிறார்கள். நீர் வற்றும் நேரத்தில் ஆற்று நீரும் ஓத நீரும் சேர்ந்து அந்தக் குறுகிய வாய் வழியாகக் கடலுக்கு ஓடும். கடற்கரையில் குழந்தைகளை இறக்கவே கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

பத்துப் பேர் இருக்கிறோமே என்ற நம்பிக்கை

பெரிய குடும்பமாகப் போகும் நாளில்தான் குழந்தை கண்ணிலிருந்து மறைகிறது. அப்பா, அம்மா பார்ப்பதாக நினைக்கிறார். அம்மா, சித்தப்பா பார்ப்பதாக நினைக்கிறார். சித்தப்பா படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். இதற்கு ஒரே தீர்வு, முறை வைத்துக்கொள்வது. இன்னார் 20 நிமிடம் பார்க்கிறார், அவர் கையில் கைப்பேசி இருக்காது, புத்தகம் இருக்காது. அடுத்தவரிடம் வாய்விட்டு ‘இனி நீங்கள்’ என்று சொல்லி ஒப்படைத்த பிறகுதான் அவர் வேறு பக்கம் திரும்பலாம். அடையாளமாக ஒரு தொப்பியையோ விசிலையோ கைமாற்றினால் குழந்தைகளுக்கும் யாரிடம் போக வேண்டும் என்று தெரியும்.

பார்க்கிறவருக்கு என்ன பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மூழ்குகிறவர் கத்துவார், கையை உயர்த்தி அசைப்பார் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பிராங்க் பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர், மூழ்குகிறவர்களைப் படம் பிடித்து ஆராய்ந்து சொன்னது வேறு. மூச்சுக்கே தவிக்கிறவரால் கத்த முடியாது. கைகள் தாமாகப் பக்கவாட்டில் விரிந்து நீரை அழுத்தும், மேலே எழாது. உடல் செங்குத்தாக நிற்கும், கால் உதைக்காது, வாய் நீருக்குள் போய்ப் போய் வரும். இந்த நிலை 20 முதல் 60 விநாடி வரைதான் நீடிக்கும். பக்கத்தில் நிற்கிறவருக்கு அது விளையாட்டுப் போலவே தெரியும். நீரில் சத்தம் போட்டுக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று அமைதியாகிவிட்டால் அந்த நொடியே போய்ப் பாருங்கள்.

நீச்சல் தெரியாத சின்னக் குழந்தைக்கு ‘பக்கத்தில்’ என்றால் கையை நீட்டினால் தொடும் தூரம். காற்றடைத்த கைப்பட்டையும் வளையமும் விளையாட்டுப் பொருட்கள், உயிர்காப்பு அங்கி அல்ல. உடையின் நிறத்தையும் யோசியுங்கள். நீலமும் வெள்ளையும் நீரிலும் நுரையிலும் கரைந்துவிடும். பளிச்சென்ற ஆரஞ்சு தொலைவிலிருந்தும் தெரியும்.

குழந்தை காணாமல் போனதாகத் தோன்றினால் முதலில் தேட வேண்டியது நீர்ப்பக்கம். கடைப்பக்கமும் வண்டி நிறுத்துமிடமும் பிறகு. வீட்டிலிருந்து கிளம்பும்போதே, அன்று போட்டிருக்கும் உடையோடு ஒவ்வொரு குழந்தையையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் சட்டை நிறம் யாருக்கும் நினைவுக்கு வராது.

அலை இல்லாத இடம் நல்ல இடம் என்று நினைப்பது

இதுதான் மிகவும் கொடிய தவறு, அன்பினால் செய்யப்படுவது. குழந்தை பயப்படுகிறது. பெற்றோர் கரையை ஒரு பார்வை பார்க்கிறார்கள். இருபுறமும் வெள்ளை நுரையோடு அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியான ஒரு பாதை தெரிகிறது. அங்கே அழைத்துப் போகிறார்கள்.

அங்கே அலை உடையாததற்குக் காரணம் இருக்கிறது. கரைக்கு வந்த நீர் எல்லாம் திரும்பிக் கடலுக்குள் போகும் வழி அது. நீர் ஓடி ஓடி மணலை அரித்து ஆழமாக்கியிருக்கும். ஆழத்தில் அலை உடையாது. இந்த இழுப்பு நீரோட்டம் விநாடிக்கு 2 மீட்டருக்கும் மேல் ஓடக்கூடும். நல்ல நீச்சல் வீரரும் அதை எதிர்த்து நீந்திக் கரை சேர முடியாது. சுற்றியுள்ள நீரைவிட நிறம் அடர்ந்திருத்தல், மணலும் பாசியும் கடல்பக்கமாகப் போதல், அலை வரிசையில் ஓர் இடைவெளி ஆகியவை அதன் அடையாளங்கள். இறங்கும் முன் ஐந்து நிமிடம் மேட்டில் நின்று பார்த்தால் பல நேரம் கண்ணுக்குத் தெரியும். குழந்தைகளையே தேடச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது பிடித்த விளையாட்டாகிவிடும்.

மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியதைக் கரையிலேயே சொல்லிக்கொடுங்கள். அது அடியில் இழுக்காது, தூரமாகத்தான் கொண்டுபோகும். மல்லாந்து மிதக்க வேண்டும், கையசைத்து உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி அந்தப் பாதையை விட்டு வெளியேற வேண்டும், கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கரையில் இருக்கும் பெரியவர் உடனே நீரில் பாய்வதும் தவறு. காப்பாற்றப் பாய்ந்தவர் இறந்து, உள்ளே போனவர் பிழைத்துக் கரை சேர்ந்த துயரங்கள் உண்டு. முதலில் உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள். மிதக்கும் எதையாவது வீசுங்கள். ஒருவர் கண்ணை எடுக்காமல் அவர் இருக்கும் திசையைக் கையால் காட்டிக்கொண்டே நிற்கட்டும்.

மேல்பாதி சிவப்பும் கீழ்ப்பாதி மஞ்சளுமான கொடிகள் இரண்டு நட்டிருந்தால், அவற்றுக்கு நடுவில் உள்ள பகுதியை உயிர்காப்பாளர்கள் கண்காணிக்கிறார்கள் என்று பொருள். அங்கே கூட்டமாக இருக்கிறதென்று தள்ளிப்போகாதீர்கள்.

காற்று பற்றியும் இதே மாதிரி ஓர் ஏமாற்று உண்டு. அதிகாலையில் கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும். பல நாட்களில் அதற்குக் காரணம், காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவது. கரையோரத்தில் அலையை அமர்த்தும் அதே காற்றுதான் காற்றடைத்த மெத்தையையும் படகுப் பொம்மையையும் குழந்தையோடு சேர்த்து உள்ளே தள்ளிக்கொண்டு போகும். பந்து அடித்துக்கொண்டு போனால் போகட்டும் என்று விடப் பழக்குங்கள். மிதவைப் பொம்மைகள் நீச்சல் குளத்துக்கு உரியவை.

வெயிலை வெப்பத்தால் அளப்பது

கடற்காற்று உடம்பைக் குளிர்விப்பதால் தோல் எரிவது தெரிவதில்லை. புற ஊதாக் கதிருக்கும் வெப்பத்துக்கும் சம்பந்தமில்லை; மெல்லிய மேகத்தின் வழியாகவும் அது வரும். குடைக்குள் இருக்கிறோம் என்ற நிம்மதியும் பாதிதான் சரி. உலர்ந்த மணல் அந்தக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகின்றன. குழந்தைகளுக்கு எளிய கணக்கு ஒன்று சொல்லிக்கொடுக்கலாம்: உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக இருந்தால் உள்ளே வா. சன்ஸ்கிரீனை வீட்டிலேயே பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் நீரிலிருந்து வந்ததும் மறுபடியும் பூச வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை நேர் வெயிலில் கொண்டுபோகவே வேண்டாம்.

மணலில் வெறுங்காலோடு இறங்கும் முன் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாவிட்டால் குழந்தையாலும் முடியாது.

எல்லோருக்கும் மணல்தான் என்று முடிவு செய்வது

தாத்தாவுக்கு மென்மணலில் நூறு அடி நடப்பது ஒரு மலை ஏற்றம். குழந்தையின் தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் அதில் புதைந்துவிடும். முதியவர்களைக் குடையடியில் உட்காரவைத்துப் பைகளுக்குக் காவல் போட்டுவிட்டு மற்றவர்கள் விளையாடப் போகும் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். கடலோரம் என்றால் மணல் மட்டும் இல்லை. பெஞ்சுகள் போட்ட நடைபாதை, கலங்கரை விளக்கம், காயல் ஓரப் பூங்கா, மீன்பிடிப் படகுகள் திரும்பும் துறை, சைக்கிள் பாதை எல்லாம் இருக்கின்றன. மூன்று தலைமுறையும் சேர்ந்து போகும் நாளில் இவற்றில் ஒன்றில் தொடங்கி, மணலைக் கடைசி ஒரு மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நீர் வற்றிய கரையில் ஈர மணல் இறுகியிருக்கும். அங்கே தாத்தாவும் கைபிடித்து நடப்பார். கழிப்பறை எங்கே என்பதைப் போகும் முன்பே விசாரித்துவிடுங்கள். பெண்களும் முதியவர்களும் தண்ணீர் குடிக்காமல் நாளைக் கழிப்பதற்கு அதுதான் காரணம்.

குழந்தையின் தூக்க நேரத்தைத் தாண்டித் திட்டம் போடாதீர்கள். ‘இன்னும் அரை மணி’ என்ற வார்த்தைக்குப் பிறகு கடற்கரையில் நல்லது எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை.

தொடுவதும் தோண்டுவதும்

கரை ஒதுங்கிய ஜெல்லி மீன் செத்திருந்தாலும் கொட்டும். கொட்டிய இடத்தில் மணலைத் தேய்ப்பது, குடிநீர் ஊற்றுவது, சிறுநீர் ஊற்றுவது மூன்றும் தவறு. கடல் நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளைச் சாமணத்தால் எடுங்கள். வினிகர் சில இனங்களுக்கு நல்லது, சிலவற்றுக்குக் கெடுதல். அந்தக் கரை உயிர்காப்பாளரைக் கேட்டுச் செய்யுங்கள். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனை. அழகான கூம்பு வடிவச் சங்கு உயிரோடு இருந்தால் கையில் எடுக்கவே கூடாது. அந்த நத்தை இனத்துக்கு நச்சு முள் உண்டு.

மணலில் ஆழக் குழி தோண்டுவதை யாரும் ஆபத்தாக நினைப்பதில்லை. 2007இல் ஒரு மருத்துவ இதழில் வெளியான ஆய்வுக் கடிதம், பத்தாண்டுகளில் மணல் குழி சரிந்த 52 நிகழ்வுகளைத் தொகுத்தது. 31 பேர் இறந்திருந்தார்கள், பெரும்பாலும் சிறுவர்களும் இளைஞர்களும். சரிந்த குழி தடயமே இல்லாமல் மூடிக்கொள்ளும், தோண்டத் தோண்ட மேலும் சரியும். கூட்டத்தில் மிகக் குட்டையான குழந்தையின் முழங்காலுக்கு மேல் எந்தக் குழியும் ஆழமாகக் கூடாது, பக்கவாட்டில் சுரங்கம் குடையவே கூடாது.

கிளம்பும் முன் குழிகளை மூடி, கோட்டையைத் தட்டிச் சமன்படுத்திவிட்டு வாருங்கள். இருட்டில் நடப்பவர் கால் இடறும். ஆமைகள் முட்டையிடும் கரையானால், இரவில் பொரித்து வெளிவரும் குஞ்சுகள் அந்தக் குழிகளில் விழுந்து ஏற முடியாமல் கிடக்கும். தட்டிச் சமன்படுத்தும் வேலையைக் குழந்தைகளிடமே கொடுங்கள். கட்டும்போது இருந்ததைவிட அதிகக் கூச்சலோடு செய்து முடிப்பார்கள்.