சீசன்ல புதுப் பையன ஏசி வேலைக்கு தனியா அனுப்புறதுக்கு முன்னாடி

ஏப்ரல் பாதி தாண்டிட்டா சென்னைல ஏசி கடைக்காரங்க போன கீழ வைக்க முடியாது, வேளச்சேரி அம்பத்தூர்னு கால் வந்துட்டே இருக்கும், ஆள் பத்தாது, உடனே போன வாரம் சேர்ந்த பையன் கைல டூல் பையக் குடுத்து "போய் பாத்துட்டு வா தம்பி, எதாச்சும்னா போன் பண்ணு"ன்னு அனுப்பிடுறோம். தயவுசெஞ்சு இத பண்ணாதீங்க.

என்னையும் இப்படித்தான் அனுப்புனாங்க. எம்சிபி (ஏசிக்குப் போற கரண்ட கட் பண்ற சுவிட்ச்) ஆஃப் பண்ணியாச்சேன்னு தைரியமா சன்ஷேடுல உக்காந்து அவுட்டோர் மூடியக் கழட்டி கெப்பாசிட்டர்ல கை வச்சேன், தூக்கி அடிச்சுது, ஸ்பேனர் கீழ போய் விழுந்துச்சு, நான் விழாம இருந்தது என் அம்மா செஞ்ச புண்ணியம். லைன் ஆஃப் பண்ணாலும் அதுல சார்ஜ் நிக்கும்னு யாரும் சொல்லல, சொல்ல ரெண்டு நிமிஷம் கூட ஆகாது.

அதனால மார்ச்லயே ஆரம்பிங்க. கடைல கிடக்கிற பழைய யூனிட் ஒண்ண வச்சு லைன் ஆஃப் பண்றது, டெஸ்ட் லேம்ப் வச்சு கெப்பாசிட்டர டிஸ்சார்ஜ் பண்றது, மீட்டர் வச்சு பாக்குறதுன்னு நீங்க ஒரு தடவ செஞ்சு காட்டுங்க, அப்புறம் அவன செய்ய விட்டு வாய மூடிட்டு பாருங்க. "புரிஞ்சுதா"ன்னு கேட்டா எந்தப் பையனும் புரிஞ்சுது அண்ணான்னுதான் சொல்வான். இன்வெர்ட்டர் ஏசி போர்டுல 300 வோல்ட்டுக்கு மேல டிசி கொஞ்ச நேரம் நிக்கும், அத தனியா சொல்லுங்க.

அடுத்தது கேஸ். ஐடிஐ முடிச்சவன்தானேன்னு விட்டுடாதீங்க, அவன் கை வச்சுப் பழகினது பழைய ஏசில வர்ற ஆர்22 கேஸ்ல இருக்கலாம். அதுல சக்ஷன், அதாவது கம்ப்ரசருக்குத் திரும்பி வர்ற கேஸோட பிரஷர், 60, 70 பிஎஸ்ஐ காட்டும், புது ஏசில வர்ற ஆர்32ல 120 பக்கம் காட்டும், கேஜ பாத்ததும் கேஸ் ஜாஸ்தின்னு நெனச்சு நல்ல கேஸ தொறந்து விட்டுடுவான், போதாததுக்கு ஆர்32 தீப்பிடிக்கக்கூடியது, பக்கத்துல பைப்ப ஒட்டுற பிரேசிங் டார்ச் எரிஞ்சா என்ன ஆகும்னு யோசிங்க. எந்த கேஸ்னு யூனிட் ஸ்டிக்கர மொதல்ல படிக்கச் சொல்லுங்க.

லீக் டெஸ்டுக்கு நைட்ரஜன் மட்டும்தான். பிரேசிங் பண்ற ஆக்சிஜன் சிலிண்டர் கைக்கெட்டுற தூரத்துல இருக்கும், தெரியாத பையன் அத ஏசி பைப்புல ஏத்திட்டா கம்ப்ரசர் ஆயிலோட சேர்ந்து வெடிச்சிடும். இத வாயால சொன்னா போதாது, அவன் முதல் நைட்ரஜன் டெஸ்ட் பண்றப்ப பக்கத்துல நில்லுங்க.

முதல் ஒரு மாசம் மெக்கானிக் கூட ஹெல்பராதான் போகணும், ஃபில்டர், வாட்டர் வாஷ் அவன் கையால, கேஸ் வேலைய கை வைக்காம பக்கத்துல நின்னு பாக்கட்டும். தனியா போற முதல் கால் கடைக்குப் பக்கத்துத் தெருவுல, தரைல நிக்கிற அவுட்டோரா பாத்துக் குடுங்க, மாடி வேலைன்னா பெல்ட் இல்லாம ஏறவே விடாதீங்க. தப்பு நடந்தா கேஸ் காச சம்பளத்துல பிடிக்காதீங்க, பிடிச்சா அடுத்த தப்ப மறைப்பான். அவன் தனியா போற அன்னைக்கு நீங்க எங்க இருந்தாலும் அவன் போன் வந்தா எடுங்க, வீடியோ கால்ல கேஜ காட்டச் சொல்லி பாத்துட்டு அப்புறம் வால்வ தொறக்கச் சொல்லுங்க.